மோடம் பேசுது, லிங்க் வரலை: என் அனுபவம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு ஆலையில் ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமை அலுவலக மெயின்பிரேமுக்கு (பெரிய மையக் கணினி; ‘ஹோஸ்ட்’ என்போம்) லீஸ்டு லைனில், அதாவது நிரந்தர வாடகைத் தொலைபேசி லைனில், எஸ்டிஎல்சி இணைப்பு. எஸ்டிஎல்சி என்பது ஐபிஎம்மின் தகவல் பரிமாற்ற முறை. ஒருநாள் லிங்க் விழுந்தது. திரும்ப எழவே இல்லை. மோடம் விளக்குகள் ஒழுங்காகத்தான் மினுக்கின. ஆனால் நிலைத் திரையில் கன்ட்ரோலர் (ஹோஸ்ட் இணைப்புக்கான நம் பக்கப் பதிவு) ‘வேரி ஆன் பெண்டிங்’ என்றே நின்றது.

இதன் பொருள் முக்கியம்: நம் பக்கம் தயார், ஆனால் ஹோஸ்ட் கூப்பிடுவது நமக்கு வந்து சேரவில்லை, அல்லது புரியவில்லை. எஸ்டிஎல்சியில் ஹோஸ்ட்தான் முதலில் அழைக்கும், நாம் பதில் மட்டுமே சொல்வோம். முதலில் ஸ்டேஷன் முகவரியை, அதாவது ஹோஸ்ட் நம்மை அழைக்கும் அடையாள எண்ணை, ஒப்பிட்டேன். இரு பக்கமும் சி1, சரி. அப்புறம் என்ஆர்இசட்ஐ, அதாவது பிட்டுகளை மின்நிலையாக மாற்றி அனுப்பும் ஒரு முறை. இதில் 0 வந்தால் மின்நிலை மாறும், 1 வந்தால் மாறாது. ஒரு முனையில் மட்டும் இது இருந்தால், வரும் பிட் எல்லாம் குப்பைதான்.

தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டேன். “புது கன்ட்ரோலர் மாட்டினோம் சார், அதில் என்ஆர்இசட்ஐ ‘நோ’ன்னு இருக்கு” என்றார் அங்கிருந்த தம்பி. லைனை வேரி ஆஃப் செய்து (தற்காலிகமாக நிறுத்தி), இங்கேயும் ‘நோ’ கொடுத்து ஆன் செய்தேன். உடனே ‘ஆக்டிவ்’! அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

டயல் செய்து இணையும் லைன் என்றால் எக்ஸ்சேஞ்ச் ஐடியையும் (இணையும்போது கணினி தன்னை அடையாளம் சொல்லும் எண்) பாருங்கள். ஏஎஸ்/400க்கு அது 056 என்றுதான் தொடங்கும்.