கருவியைத் திறக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கடன் கொடுக்கலாமா, வேலைக்கு அழைக்கலாமா என்று கணினி சொல்லும் முடிவில் பாரபட்சம் இருக்கிறதா என்று சோதிக்க, ஃபேர்லேர்ன், ஏஐ ஃபேர்னஸ் 360 போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. நல்ல கருவிகள்தான். ஆனால் பெரிய தவறு அவற்றைத் திறக்கும் முன்பே நடந்துவிடுகிறது.

எதைக் கணிக்கிறோம் என்று யோசிக்காமல் விடுவதுதான் அது. அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த ஒரு மென்பொருளைப் பற்றி 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நோயின் கடுமையைக் கணிக்க வேண்டிய இடத்தில் அது மருத்துவச் செலவைக் கணித்தது. அதே அளவு நோய் இருந்தும் கறுப்பின மக்களுக்குக் குறைவாகவே செலவிடப்பட்டு வந்ததால், அவர்களுக்கு நோய் குறைவு என்று அது எடுத்துக்கொண்டது. இந்தக் கோணலை நீக்கினால், தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இத்தனைக்கும் அந்த மென்பொருளுக்கு யாருடைய இனமும் தெரியாது. இனம், பாலினம் போன்ற விவரங்களை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முகவரி, படித்த பள்ளி என்று வேறு வழியில் அவை உள்ளே வந்துவிடும். முற்றிலும் அழித்துவிட்டால் பாரபட்சத்தைச் சோதிக்கவும் வழியிருக்காது. கணிப்புக்குக் கொடுக்காதீர்கள், சோதனைக்காகப் பாதுகாப்பாக வைத்திருங்கள்.

அப்புறம், ஒரே எண்ணை நம்புவது. ஒரு பிரிவில் 100 பேரில் 60 பேரும் இன்னொன்றில் 42 பேரும் தேர்வானால் விகிதம் 42/60, அதாவது 0.7. அமெரிக்க வேலைவாய்ப்பு விதிகளில் 1978 முதல் உள்ள 'ஐந்தில் நான்கு' அளவுகோலுக்கு 0.8 வேண்டும். சரி, இன்னும் 6 பேரைச் சேர்த்து 48 ஆக்கினால் எண் தேறிவிடும். அந்த 6 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தாலும் தேறும்! தகுதி இருந்தும் விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்பதைப் பிரிவு வாரியாகப் பாருங்கள். எல்லா அளவுகோல்களும் ஒரே நேரத்தில் தேறுவது பெரும்பாலும் கணித ரீதியாகவே முடியாது. எந்தத் தவறு யாரை அதிகம் பாதிக்கும் என்று, பாதிக்கப்படக்கூடியவர்களையும் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

கடைசி முடிவு மனிதர் கையில்தான் என்று சொல்லி நிம்மதியாக இருந்துவிடுவதும் தவறு. கணினி சொன்னதை அவர் எத்தனை முறை மாற்றினார் என்று பதிவு செய்யுங்கள். மாதக்கணக்கில் ஒருமுறைகூட மாற்றவில்லை என்றால், அவருக்கு அதற்கான நேரமும் அதிகாரமும் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள்.