காயத்தைக் கணினியில் ஆற்ற வேண்டுமா? முதலில் தோலை இழுங்கள்

திருமலைக் கரையில் இறுக்கிக் கட்டிய வலையில் ஒரு கண்ணியை அறுத்துப் பாருங்கள். ஓட்டை கண்ணியளவில் நிற்காது, வாய் பிளக்கும். மீன் கத்தி பட்ட காலும் அப்படித்தான்: தோல் ஏற்கெனவே இழுபட்டிருப்பதால் வெட்டு விரிகிறது. காயம் ஆறுவதைக் கணினியில் கணிக்க, தளர்ந்த தாளில் காயத்தை வரைந்து தொடங்கும் மாதிரிகள் இங்கேயே சறுக்கிவிடுகின்றன.

ஃபெனிக்ஸ் (FEniCS), பொருளை மூலகங்கள் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் மென்பொருள், இலவசம். கோணேசபுரி வளாகத்து மாணவரின் மடிக்கணினியே இருபரிமாண மாதிரிக்குப் போதும். 60×60 மிமீ தாள், 2 மிமீ தடிப்பு, தளத் தகைப்பு (தகைப்பு என்பது ஓரலகுப் பரப்பில் தாங்கும் விசை; அது தாளின் தளத்தில் மட்டும் இருப்பதாகக் கொள்வது). மிமீ, நியூட்டன் என்று எடுத்தால் தகைப்பு மெகாபாஸ்கலில் வரும்; இடையில் பாஸ்கல் நுழைந்தால் விடை பத்து இலட்சம் மடங்கு பிழைக்கும். நியோ-ஹூக்கியன் பொருளுக்கு (இறப்பர்போல் பெரிதாக நீளும் பொருளின் எளிய மாதிரி) விறைப்பு மட்டு 0.05 மெகாபாஸ்கல் என்று தொடங்குங்கள். வயதுக்கும் உடலின் இடத்துக்கும் ஏற்ப அது மாறும். தோலுக்கு வலுத் தரும் கொலாஜன் புரத நார்களைப் பிறகு சேர்க்கலாம்.

லாங்கர் கோட்டுத் திசையில் (தோல் இயல்பாகவே கூடுதலாக இழுபட்டிருக்கும் திசை) 10%, குறுக்கே 5% இழுத்து விளிம்புகளைப் பூட்டுங்கள். ஒரே தாவலில் இழுத்தால் திரும்பத் திரும்பத் திருத்தி விடையை நெருங்கும் நியூட்டன் முறை ஒருங்காமல் போகும், 10 படிகளாக இழுங்கள்.

இனி வெட்டு. இழுபட்ட தோலில் 5 மிமீ ஆரை வட்டம் வேண்டுமென்றால், இழுபடாத தாளில் அது 4.55, 4.76 மிமீ அரையச்சு கொண்ட நீள்வட்டம். அதற்குள் இருக்கும் மூலகங்களை நீக்கித் தீர்த்தால் காயம் தானே திறக்கும். பலர் நீக்காமல் மென்மையாக்குகிறார்கள்; அப்போது இரத்தக்கட்டியும் பழைய இழுவையைச் சுமக்கிறது. கட்டி உருவாவது திறந்த காயத்துக்குள். ஆகவே விரிந்த வடிவத்தையே அதன் தகைப்பற்ற நிலையாக வைத்து, புதிய மென்மூலகங்களால் நிரப்புங்கள்.

அடுத்து மூன்று மாறிகள்: அழற்சிச் சமிக்ஞை, ஃபைப்ரோபிளாஸ்ட் (கொலாஜனை உருவாக்கும் உயிரணு) அடர்த்தி, கொலாஜன். முதல் இரண்டும் பரவும். கொலாஜன் இருந்த இடத்திலேயே படியும். உயிரணு இழுக்கும் விசையைத் தகைப்பில் கூட்டுங்கள். தகைப்பு கூடினால் இழுக்கும் உயிரணுக்கள் கூடும், அவை இன்னும் இழுக்கும். இந்தச் சுழலுக்கு உச்சவரம்பு வைக்காவிட்டால் காயம் சில படிகளில் தனக்குள் சுருண்டுவிடும்.

வெளிப்படை நேரமுறையில் (அடுத்த நேரத்து விடையை இப்போதைய மதிப்புகளிலிருந்தே கணிப்பது) நேரப்படி, h²/4D-ஐத் தாண்டக்கூடாது; h மூலகத்தின் அளவு, D பரவல் குணகம். மூலகம் 0.25 மிமீ, பரவல் மணிக்கு 0.1 சதுர மிமீ என்றால் 9 நிமிடம்தான். அடுத்த நேரத்து மதிப்புகளையே சமன்பாட்டில் வைத்துத் தீர்க்கும் உட்படை முறையில் ஒரு மணி நேரப் படி வைக்கலாம். மின்வெட்டை நினைத்து, மாதிரியின் ஒவ்வொரு நாள் முடிவிலும் சேமியுங்கள்.

சோதனைக்கு உயிரணுக்களை நிறுத்திவிட்டு வெட்டை மட்டும் ஓட்டுங்கள். 1861இல் லாங்கர் பிணத்தோலில் கண்டதுபோல, வட்டம் கூடிய இழுவைத் திசையில் நீள வேண்டும். பின்பு தாளை 120 மிமீ ஆக்குங்கள். காயத்தின் அகலம் மாறினால் விளிம்பு கிட்ட இருந்திருக்கிறது.