பாறை இடுக்குப் பூவான கொலம்பைனை நீலகிரியில் விதையிலிருந்து வளர்க்கும் முறை

கொலம்பைனை உதகையிலோ கோத்தகிரியிலோ வளர்க்க விரும்புவோர், அதன் பிறப்பிடத்தை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இங்கே விளக்கப்படும் அக்விலேஜியா கனடென்சிஸ் என்னும் இனம், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், பிடி மண்கூடச் சேராத பாறை இடுக்குகளிலும் முளைத்து வளர்வது. ஆகவே அதற்குக் குளிரும் ஈரமும் வேண்டும். வேரடியில் நீர் தேங்கக் கூடாது.

முதற்படி குளிரூட்டல். கடுகளவேயான கறுத்த, பளபளக்கும் விதைகளை ஈரமணலில் கலந்து, மூடிய டப்பாவில் இட்டு, ஜனவரியில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆறு வாரம் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. நம் ஊரில் உறைபனி இரவில் விழுந்தாலும் காலை வெயிலில் உருகிவிடுவதால், விதையின் உறக்கம் கலையத் தேவையான தொடர்ச்சியான குளிர் வெளியில் கிடைப்பதில்லை.

அடுத்து, தோட்டமண், இலைமக்கு, பருமணல் மூன்றையும் சம அளவில் கலந்து தட்டில் நிரப்பி, விதைகளை மேலாகத் தூவி லேசாக அழுத்தினால் போதும். கேரட் விதைக்குச் செய்வதைப் போல முதல் ஆண்டு நான் மண்ணால் மூடிவிட்டேன், ஒன்றும் முளைக்கவில்லை. இவ்விதைகள் முளைக்க வெளிச்சம் தேவை. தெளிப்பானால் ஈரம் காத்துவந்தால், மூன்று நான்கு வாரங்களில் முளை தெரியும். பின்னர் வரும் இலைகள் ஓரளவு கொத்தமல்லியை நினைவூட்டும். அவற்றின்மேல் விழும் நீர், சேம்பிலையில் உருளுவது போல் முத்து முத்தாக உருண்டோடும்.

நான்கைந்து இலை விட்டதும், ஆணிவேர் முறியாமல் மண்கட்டியோடு எடுத்து, காலை வெயில் படும் இடத்தில் நட வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் நீர் தேங்காத இடம் என்று பார்த்தால், படிக்கட்டு நிலத்தின் கல்தடுப்புச் சுவரை ஒட்டிய மேல்விளிம்பே சிறந்தது என்பது என் கருத்து.

முதல் ஆண்டில் பெரும்பாலும் இலை மட்டுமே வரும், பிடுங்கிவிடாதீர்கள். மறு ஆண்டில் தலைகவிழ்ந்து தொங்கும் பூக்களில், சிவந்த ஐந்து குழல்களின் நுனியில் தேன் தங்கியிருக்கும். அதைக் குடிக்க அங்கே ஹம்மிங் பறவைகள் வரும்; இங்கே அவை இல்லை.

விதைகள் நச்சுத்தன்மை உடையவை என்பதால் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீகை மரம் புல்வெளிகளில் பரவியதை நாம் கண்டிருக்கிறோம். எனவே சோலைக்காட்டை ஒட்டி வசிப்போர், காய்கள் பழுப்பேறி வாய் பிளப்பதற்கு முன்பே அவற்றை நறுக்கி, காகிதப் பையில் உலர்த்திக்கொள்ள வேண்டும்.