சின்ன வயது நாயகர்களைச் சுவரேற்றுவது எப்படி?

என் அத்தையின் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பி.டி. உஷா ஓடிக்கொண்டிருந்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடையோட்டத்தில், நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலம் கைநழுவிய அந்த ஓட்டம். நாளிதழில் வந்த படத்தை அத்தை மைதாப் பசை காய்ச்சி ஒட்டியிருந்தார். நான் பார்த்தபோது உஷாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பூச்சி தின்றிருந்தது.

நான் மட்டும் என்ன செய்தேன்? பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வந்த சச்சின் படத்தை நான்கு மூலையிலும் செல்லோடேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். பல வருடம் கழித்து உரித்தபோது சுண்ணாம்போடு அவருடைய இடது தோளும் சேர்ந்து வந்தது. டேப்பின் பிசின் படிந்த இடமெல்லாம் மஞ்சள் கறை.

ஆகவே, பழைய டிக்கெட், செய்தித் துணுக்கு, கையெழுத்து வாங்கிய நோட்டுத் தாள் போன்றவற்றை அறையில் மாட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரை நாள் வேலை. தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் வேலை: தேர்ந்தெடுப்பது

இருப்பதையெல்லாம் தரையில் பரப்புங்கள். கடையில் வாங்கிய போஸ்டரை ஒதுக்கிவிடலாம். அது இன்றும் கிடைக்கும். நீங்கள் போய், நின்று, வாங்கி, கிழித்து, ஒளித்துவைத்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவருக்கு மூன்று போதும். அதற்கு மேல் போனால் சலூன் கடை மாதிரி ஆகிவிடும்.

எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று: 31 ஜனவரி 1999, ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கம் டெஸ்டின் நான்காம் நாள் டிக்கெட். பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி இலக்கு 271. முதுகு வலியோடு ஆடிய சச்சின் 136 எடுத்து, சக்லைன் முஷ்டாக் பந்தில் வெளியேறினார். 12 ரன்னில் தோற்றோம். அதன் பிறகு பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. அழுதுகொண்டிருந்த என்னை அப்பா தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை.

இரண்டாவது: திருப்பிப் பாருங்கள்

கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. பின்பு பின்பக்கத்தைப் பார்க்காமல் எதையும் ஒட்டிவிடாதீர்கள். என் டிக்கெட்டின் பின்னால் அப்பா பேனாவால் ஸ்கோர் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். கடைசி எண் 254. சச்சின் ஆட்டமிழந்தபோது இருந்த ரன் அது. இந்தியா 258-இல் சுருண்டது; அதை அவர் எழுதவில்லை. இருபது வருடமாக நான் முன்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாவது: நகல் எடுப்பது

இங்கேதான் பலரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சுவரில் மாட்ட வேண்டியது நகலைத்தான். அசல் பெட்டிக்குப் போக வேண்டும். செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகி, தாள் அப்பளம்போல நொறுங்கும். கையெழுத்து மையும் வெளிச்சத்தில் வெளுக்கும். டிக்கெட் அளவுக்குச் சிறியவற்றை 600 டிபிஐயிலும் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) பெரிய தாள்களை 300-லும் இரு பக்கமும் ஸ்கேன் செய்து, தடிமனான மேட் தாளில் அச்சிடுங்கள். இப்போதைய டிக்கெட்டுகளில் பல, வெப்பத்தால் அச்சாகும் வழுவழுப்பான தாளில் வருகின்றன. அவற்றின் எழுத்து தானாகவே மறையும். வாங்கிய வாரமே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

லாமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. என் நண்பர் ஒருவரின் கையெழுத்துத் தாள் ஒரு கடை இயந்திரத்துக்குள் மடிந்து சுருண்டு, அப்படியே நிரந்தரமாகிவிட்டது.

நான்காவது: சட்டம்

சாமி படம் போடும் பிரேம் கடையே போதும். இரண்டு விஷயம் மட்டும் சொல்லி வாங்குங்கள். ஒன்று, நடுவில் சன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை. அது இல்லாவிட்டால் தாள் கண்ணாடியைத் தொடும்; மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு சன்னல் வெட்டச் சொன்னேன். இன்னொன்று, மாட்டும் தாளில் பசை தடவக் கூடாது. கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பசைக்குப் பதில் தாள் மூலைகள். 5 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் நான்கு துண்டுகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றின் இரு முனைகளையும் நடுவை நோக்கிச் சாய்வாக மடித்தால் முக்கோணப் பை கிடைக்கும். பழைய ஆல்பங்களில் புகைப்படத்தைப் பிடித்திருக்குமே, அதேதான். பையை நகலின் மூலையில் மாட்டி, பையின் பின்புறத்தை மட்டும் அட்டையில் ஒட்டுங்கள். முதல் இரண்டு கோணலாகத்தான் வரும்.

ஐந்தாவது: சுவர்

மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரையும் சன்னலுக்கு நேரெதிர்ச் சுவரையும் தவிருங்கள். கான்கிரீட் என்றால் 6 மி.மீ. துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகித் திருகாணி முடுக்குங்கள். சட்டத்தின் நடு, தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். கீழ் மூலைகளின் பின்னால் சிறு ரப்பர் துண்டுகள் ஒட்டினால் காற்று போய்வரும்.

அசல்களை அமிலமற்ற தாளில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஓவியப் பொருள் கடைகளில் அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள். பெட்டி பரண் மேல் வேண்டாம், மொட்டை மாடிச் சூடு நேராக இறங்கும். ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஒருமுறை திறந்து பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பாகியிருந்தால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள்.