செட்டிநாட்டை மோட்டார் சைக்கிளில் நிதானமாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி

செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் தூரம் அதிகமில்லை. காரைக்குடியில் தங்கினால் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, திருமயம், தேவகோட்டை எல்லாம் ஏறக்குறைய 25 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். வண்டியில் வருபவர்களைத் தடுமாற வைப்பது நேரம்தான். சாவகாசமாகப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் புறப்படுபவர், முதல் கோயிலைப் பார்த்து முடித்து இரண்டாவது கோயிலுக்குப் போய்ச் சேரும்போது அங்கே நடை சாத்தியிருப்பார்கள். மாலை நான்கு மணிவரை வெயிலில் எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் டீக்கடை பெஞ்சில் பொழுதைப் போக்கிவிட்டுச் சலித்துக்கொண்டு திரும்புவார். காலையையும் மாலையையும் கோயிலுக்கும் கோட்டைக்கும் ஒதுக்கிவிட்டு, நண்பகலை வீடுகளுக்கு வைத்துக்கொள்வதே இதற்கு வழி. முற்றத்தைச் சுற்றி நிழல் விழும்படி கட்டப்பட்ட அந்த வீடுகள் உச்சிவெயிலில்தான் தங்கள் அருமையைக் காட்டும். கீழே சொல்லியிருக்கும் பாதைகள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்தே அமைந்தவை.

மார்கழிப் பிற்பாதியிலிருந்து மாசி முடிய உள்ள நாட்கள் பயணத்துக்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது ஊருணிகள் நிறைந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தார் விளிம்பை விட்டுச் செம்மண்ணில் இறங்கிய சக்கரம் வழுக்காமல் ஏறாது. பங்குனிக்குப் பிறகு பதினோரு மணிக்கே கருங்கல் தளத்தில் கால் வைக்க முடியாது. இரண்டு காலங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தைப்பூசத்தை ஒட்டி, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் காவடியுடன் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து செல்வார்கள். விடியலுக்கு முன்பே அந்தச் சாலையோரம் முழுவதும் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும் என்பதால் அந்த நாட்களில் மேற்குப் பக்கப் பயணத்தைத் தவிர்ப்பது அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. அக்டோபர் கடைசி வாரத்தில் திருப்பத்தூர், காளையார்கோவில் பகுதிகளில் மருதுபாண்டியர் குருபூஜை நடப்பதால், அந்த நாட்களில் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் இருக்கும்.

வண்டியைப் பொறுத்தவரை பெரிய வண்டி வேண்டும் என்ற எண்ணமே தேவையில்லை. மலைப்பாதை கிடையாது, 110 சிசி வண்டிகூடப் போதும். மணிக்கு 40 அல்லது 50 கிலோமீட்டருக்கு மேல் போனால் சாலையோரத்து ஐயனார் கோயில் புரவியும் தெரியாது, அடுத்து வரும் வண்ணம் அழிந்த வேகத்தடையும் தெரியாது. சொந்த வண்டி இல்லாதவர்கள் மதுரையிலோ திருச்சியிலோ வாடகைக்கு எடுத்துக்கொண்டு வரலாம். இரண்டிலிருந்தும் காரைக்குடிக்கு நிதானமாக வந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். புறப்படும் முன் செயினுக்கு எண்ணெய் போட்டு, டயரில் காற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு ஆகியவை கையில் இருக்க வேண்டும். பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். இந்தப் பகுதியில் வண்டிக்கு நிஜமான எதிரி சீமைக் கருவேல முள். நிழலைப் பார்த்ததும் வண்டியைப் புதரோரம் ஒதுக்கி நிறுத்தும் பழக்கம் உள்ளவர்கள் திரும்பி வரும்போது டயர் தரையோடு ஒட்டிக்கிடப்பதைக் காண்பார்கள். டியூப் வைத்த டயர் என்றால் மாற்று டியூப் ஒன்றையும், ட்யூப்லெஸ் என்றால் பஞ்சர் ஒட்டும் சாதனத்தையும் கொண்டுவருவது உத்தமம். உட்கிராமங்களில் பஞ்சர் கடை தேடி வண்டியைத் தள்ளுவது சுகமான வேலை அல்ல.

உடை விஷயத்தில் கயிறு கட்டும் உயரமான பூட்ஸ் இங்கே பெரும் தொல்லை. கோயில் வாசல், வீட்டு வாசல், கோட்டை அடிவாரக் கோயில் என்று ஒரு நாளில் பலமுறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். சட்டென்று கழலக்கூடிய, கணுக்காலை மூடும் ஷூ ஒன்று போதும். பையில் ஒரு வேட்டியும் துண்டும் இருந்தால் கோயிலுக்குள் போகச் சங்கடம் இருக்காது.

முதல் நாளை மேற்குப் பக்கத்துக்குக் கொடுக்கலாம். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் சாலையில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால், சுமார் 10 கிலோமீட்டரில் குன்றக்குடி வந்துவிடும். பெரும்பாலோர் நேராகப் படியேறிச் சண்முகநாதரைத் தரிசித்துவிட்டு அப்படியே வண்டியை எடுத்துவிடுகிறார்கள். குன்றின் அடிவாரத்தில் பாறையைக் குடைந்து செய்த பாண்டியர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும் அந்த இடத்தில் காலை வெளிச்சத்தில் சிற்பங்களை ஆற அமரப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், நேரம் குறைவாக உள்ளவர் மற்ற எதையாவது விடலாமே தவிர இதை விடக்கூடாது. அங்கிருந்து சிறிது தூரத்தில், பிரதான சாலையிலிருந்து விலகிப் பிள்ளையார்பட்டி. கற்பகப் பிள்ளையாரும் குடைவரைக்குள் பாறையிலேயே புடைப்பாகச் செதுக்கப்பட்டவர். இரண்டே கைகள், வலம் சுழித்த துதிக்கை. விடுமுறை நாட்களில் வரிசை நீண்டுவிடும் என்பதால் எட்டு மணிக்குள் உள்ளே இருப்பது நல்லது.

பிள்ளையார்பட்டி நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி ஆகியவை மற்ற எட்டு. நகரத்தார் ஒவ்வொருவரும் இவற்றில் ஏதேனும் ஒரு கோயிலைச் சேர்ந்தவராகவே இருப்பார். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள் முறை ஆவதால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் வேறு கோயிலில்தான். ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு ஓடுபவர்கள் உண்டு. அது தரிசனக் கணக்குக்குச் சரி, பார்ப்பதற்குச் சரிப்படாது. இந்தப் பாதையிலேயே அமைந்த வைரவன்பட்டியில் ஒரு மணி நேரம் செலவிட்டால் கல்தச்சரின் கைத்திறனை நின்று பார்க்க இடம் கிடைக்கும். போகும் வழியில் உள்ள சிராவயல் தை மாத மஞ்சுவிரட்டுக்குப் பேர்போனது, பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் இளமையில் ஆசிரமம் நடத்திய ஊரும் அதுவே.

நடை சாத்தும் நேரத்தில் திருப்பத்தூரை அடைந்து மதிய உணவை முடித்துக்கொள்ளலாம். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர் இது; அவர்களுடைய நினைவிடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. குளிர்காலமாக இருந்தால் மதிய நேரத்தை அருகிலுள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் கழிக்கலாம். அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊருக்குள் சைலன்சர் மாற்றிய வண்டியை உறுமவிட்டுக்கொண்டு போவது அழகல்ல. நான்கு மணிக்குத் திருக்கோஷ்டியூர் சௌமியநாராயணப் பெருமாள் கோயிலில் இருக்குமாறு கிளம்பினால் போதும். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திர உபதேசம் பெற ஸ்ரீரங்கத்திலிருந்து இராமாநுசர் பதினெட்டு முறை வந்ததாகவும், பெற்ற உபதேசத்தை உயரத்தில் ஏறி நின்று எல்லோருக்கும் உரக்கச் சொன்னதாகவும் வைணவ மரபு கூறும் தலம் இது. கருவறைக்கு மேல் எழும் அட்டாங்க விமானத்தின் மேல்நிலைகளில் பெருமாள் வெவ்வேறு திருக்கோலங்களில் காட்சி தருகிறார்; குறுகலான படிகளில் ஏறிப் பார்க்க அனுமதி உண்டு. இருட்டுவதற்குள் காரைக்குடி திரும்பிவிட வேண்டும். பின்விளக்கு இல்லாத டிராக்டர்களும், சாலையிலேயே படுத்துக்கொள்ளும் மாடுகளும், அறுவடைக் காலத்தில் தார் மீது காயப்போடும் கதிர்களும் இரவு ஓட்டத்தை ஆபத்தாக்கிவிடும்.

இரண்டாம் நாள் வடக்கு. புதுக்கோட்டை செல்லும் சாலையில் நேராகத் திருமயத்துக்குப் போய்விட்டு, வழியில் உள்ள ஊர்களைத் திரும்பும்போது பார்ப்பதே சரியான வரிசை. முதலில் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்திருக்கும் இரண்டு குடைவரைக் கோயில்களைப் பார்க்க வேண்டும். ஒன்று சத்தியகிரீசுவரர் கோயில். மற்றது சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில். பெருமாள் கோயிலின் குடைவரையில் பாம்பணையில் கிடக்கும் திருமாலை ஒரே பார்வையில் அடக்க முடியாது. தலையிலிருந்து திருவடிவரை கண்ணை நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் கொடுத்தால், பின்சுவரில் சூழ்ந்து நிற்கும் தேவர்களும் முனிவர்களும் ஒவ்வொருவராகத் தெளிவார்கள்.

அதன் பிறகு கோட்டை. 1687-இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டியதாகச் சொல்லப்படும் இக்கோட்டையை ஊரார் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் நினைவாக ஊமையன் கோட்டை என்றும் அழைக்கிறார்கள். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளதால் நுழைவுக் கட்டணம் உண்டு. ஏறும் வழியில் பாறையின் செங்குத்தான முகப்பில் குடைந்த சிறிய அறை ஒன்று தென்படும். இரும்பு ஏணி வழியாக ஏறிப் பார்த்தால் உள்ளே சிவலிங்கம் இருக்கும். உச்சியில் ஒரு பீரங்கி நிற்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது கண்மாய்களும் ஊருணிகளும் வரிசையாகத் தெரிவதால், வற்றாத ஆறு இல்லாத இந்த வறண்ட நிலத்தில் ஊர்கள் எப்படித் தண்ணீரைத் தேக்கிப் பிழைத்தன என்பது சொல்லாமலே புரியும். பாறை சூடேறுவதற்குள், பதினோரு மணிக்கு முன்பே இறங்கிவிடுவது நல்லது.

நண்பகலுக்குக் கானாடுகாத்தான். இங்கே வண்டியை ஊருணிக் கரையில் நிறுத்திவிட்டு நடந்துதான் பார்க்க வேண்டும். தெருக்கள் நேர்கோட்டில் வெட்டிக்கொள்ளும். பல வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதால், வீட்டின் நீளத்தை அறிய ஒரு பக்கச் சந்தில் நடந்து பார்ப்பதே எளிய வழி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை இவ்வூரில் உள்ளது. அதைப் பெரும்பாலும் வெளியே நின்றுதான் பார்க்க முடியும்; கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வேறு வீடுகள் உண்டு. திண்ணையைக் கடந்து முகப்பு, அதைத் தாண்டி முற்றத்தைச் சுற்றிய வளவு, அப்புறம் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி என்று வீடு உள்ளுக்குள் விரிந்துகொண்டே போகும். பர்மாத் தேக்குத் தூண்களும், இத்தாலியப் பளிங்கும், சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெண்கரு சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் சுவர்களும் வெளியூர் வியாபாரத்தில் ஈட்டிய பணத்தின் சாட்சிகள். பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் நடந்த வட்டித்தொழில் 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஆட்டம் கண்டு, 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பெருமளவு நின்றுபோனது. அத்தோடு இந்த மாளிகைகள் எழும்புவதும் ஓய்ந்தது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

பூட்டிய வீட்டின் முன் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு வீட்டில் பல பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும். காவலுக்கு இருப்பவர் நினைத்தாலும் திறந்துவிட அவருக்கு உரிமை இருக்காது. திண்ணையில் வீட்டு ஆச்சி யாராவது உட்கார்ந்திருந்தால், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, “ஆச்சி, முகப்பு வரைக்கும் வந்து பார்த்துக்கிறலாமா?” என்று கேட்டால் போதும். அவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். படம் எடுக்கவும் தனியாகக் கேட்க வேண்டும். சாமி அறைப் பக்கம் காமிராவைத் திருப்பவே கூடாது.

மூன்று மணிக்குமேல் ஆத்தங்குடி. பெரிய வீடு என்று அழைக்கப்படும் மாளிகையைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். ஆனால் இவ்வூருக்கு வருவதன் பயன், ஆத்தங்குடிக் கல் எனப்படும் தரை ஓடுகளைச் செய்யும் பட்டறைகளில்தான் இருக்கிறது. சதுரமான கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சைப் பொருத்தி, வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைச் சிறு கரண்டியால் ஒவ்வொரு அறையாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும்போது நிறங்கள் ஒன்றோடொன்று கலங்காமல் நிற்பது முழுக்கக் கைப்பழக்கம். அதன் மேல் காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, பிறகு கனமான கலவையை அப்பிக் கரணையால் தட்டிச் சமன் செய்வார்கள். நிழலில் இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைத்து, எடுத்து உலர்த்துவார்கள். சூளையும் இல்லை, மெருகேற்றும் இயந்திரமும் இல்லை; கண்ணாடி மேல் படிந்த முகம் என்பதால் அந்த வழவழப்பு தானாகவே வந்துவிடுகிறது. வேலை செய்பவர்கள் பொதுவாக மறைக்காமல் காட்டுவார்கள். குறுக்கே நிற்காமல் ஓரமாக நின்று பார்ப்பது மரியாதை.

மூன்றாவது நாள் இருந்தால் காலையில் அரியக்குடி திருவேங்கடமுடையான் கோயிலையும் தேவகோட்டையையும் பார்த்துவிட்டு, பிற்பகலில் காரைக்குடிக்குள்ளேயே கம்பன் மணிமண்டபம், தமிழ்த்தாய் கோயில், ஆயிரம் ஜன்னல் வீடு என்று சுற்றலாம். காரைக்குடியில் கம்பன் விழாவைத் தொடங்கிய சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தை நிறுவினார்.

மாலைப் பலகாரமாக வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கிடைத்தால் தவறவிட வேண்டாம். மதியம் முழுச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு உடனே வண்டியை எடுக்காமல் அரை மணி நேரமாவது உட்கார்ந்து எழுவது நல்லது. தூக்கக் கலக்கத்துக்கு இந்த நேரான சாலைகள் பொல்லாதவை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளைச் சாமான், எனாமல் பாத்திரம், பழைய பூட்டு போன்ற சிறிய பொருள்கள் பக்கப்பையில் அடங்கும். விலையைப் பேசித்தான் வாங்க வேண்டும். ஆத்தங்குடிக் கல்லை நினைவுக்காக ஒன்றிரண்டு வாங்கினால் துண்டில் சுற்றிப் பையின் அடியில் படுக்கவைக்காமல், இரு பக்கமும் துணி வைத்து நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டறையிலேயே சொல்லி லாரி பார்சலில் அனுப்பச் செய்யலாம்.