"விலகின ஜவ்வு உள்ளே போய்விட்டதா?": மேனுவல் தெரபியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தையல் தொழில் செய்யும் அந்த அம்மாவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். இடுப்பைக் கையால் பிடித்தபடியே வந்தவர், கட்டிலில் மெல்லக் குப்புறப் படுத்தார். முதுகெலும்பின் மேல் உள்ளங்கை ஓரத்தை வைத்து ஒரே தாளத்தில் அழுத்தி அழுத்தி விட்டேன். இடுப்பின் நாலாவது எலும்பில் கை பட்டதும் "அங்கேதான்" என்றார். பத்து நிமிடத்தில் எழுந்து நின்று குனிந்து பார்த்தார். சற்று முன்புவரை தொடையோடு நின்றுபோன விரல்கள் முட்டியைத் தாண்டிக் கீழே இறங்கின. "தம்பி, விலகின ஜவ்வு உள்ளே போய்விட்டதா?" என்று கேட்டார். நான் படிப்பு முடித்துத் தொழிலுக்கு வந்த புதிது. "போய்விட்டது அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தை என்ன செய்தது என்பது, இரண்டு வருடம் கழித்து அவர் மறுபடி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருமுறை விலகியது மறுபடியும் விலகிவிடும் என்ற பயத்தில் குடம் தூக்குவதை நிறுத்தியிருந்தார். தரையில் உட்காருவதை விட்டிருந்தார். பேரனைத் தூக்குவதில்லை. இடுப்புப் பெல்ட் இல்லாமல் தெருவில் இறங்குவதில்லை. வலி குறைந்தது உண்மை. அதற்கு நான் ஒப்புக்கொண்ட காரணம் பொய். தசை, மூட்டு வலிகளுக்குக் கையால் செய்யும் சிகிச்சையில், அதாவது மேனுவல் தெரபியில், முதலில் தவிர்க்க வேண்டிய தவறு இந்தப் பொய்தான்.

விலகியதாகச் சொல்லப்படுவது கை பட்டு உள்ளே போகிறதா என்பதை 1998இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு மூட்டில் நேராகவே சோதித்தார்கள். இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் மூட்டு 'நிலை மாறிவிட்டது' என்று கையால் பார்த்து முடிவுசெய்யப்பட்ட 10 பேர். எலும்பில் நுண்ணிய உலோகக் குண்டுகளைப் பதித்து, துல்லியமான எக்ஸ்ரே முறையில் மூட்டின் நிலையை அளந்தார்கள். பிறகு மானிபுலேஷன், அதாவது மூட்டைச் சட்டென்று ஒரே உந்தலில் தள்ளும் சிகிச்சை. முடிந்ததும் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு மூட்டு சரியாகிவிட்டதாகப் பட்டது. எக்ஸ்ரேயோ, பத்து பேரில் ஒருவருக்கும் எலும்பின் நிலை மாறவில்லை என்று காட்டியது. தேர்ந்த கையே 'உள்ளே போய்விட்டது' என்று நம்பியது. எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த 'டக்' சத்தமும் அப்படித்தான். விரலில் நெட்டி முறிக்கும்போது மூட்டுக்குள் நடப்பதை 2015இல் எம்.ஆர்.ஐ. மூலம் படமெடுத்தார்கள். மூட்டு விரியும் கணத்தில் அதன் திரவத்துக்குள் ஒரு வாயுக் குழி உண்டாகிறது. சத்தம் அப்போது எழுகிறது. எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் அது இல்லை. (விபத்தில் தோள்மூட்டு நழுவுவது முற்றிலும் வேறு. அது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும், அதை மருத்துவமனையில்தான் பொருத்த வேண்டும்.)

"எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறதே?" என்று பலர் ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். வலி இல்லாத ஐம்பது வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் தெரிந்தது. தலைநரைப்பது போல முதுகெலும்பிலும் வயது தெரிகிறது. கால் மரத்து, பலம் குறைந்து, ரிப்போர்ட்டும் அதே நரம்பைக் காட்டினால் அதற்குப் பொருள் உண்டு. வெறும் இடுப்புவலிக்காரரிடம் அந்த வரியைப் படித்துக் காட்டிப் பயமுறுத்துவதில் ஒரு நன்மையும் இல்லை.

அப்படியென்றால் என் கை அன்று என்னதான் செய்தது? இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் நரம்பு மண்டலத்தைச் சார்ந்தது. தோல், தசை, மூட்டு வழியாகப் போகும் தொடு உணர்வைக் கொண்டு தண்டுவடமும் மூளையும் வலியைக் கொஞ்ச நேரம் அடக்கிவைக்கின்றன. இறுகியிருந்த தசை விடுகிறது. நம்பிக்கைக்கும், நிதானமாகக் காதுகொடுத்துக் கேட்டதற்கும்கூட அதில் பங்கு உண்டு. எந்த எலும்பில், எந்தத் திசையில் அழுத்துவது என்பதைக் கல்லூரியில் வருடக்கணக்கில் கற்றோம். 2003இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் இடுப்புவலிக்காரர்கள் 140 பேர். பாதிப் பேருக்குச் சிகிச்சையாளர் தேர்ந்தெடுத்த அழுத்தும் முறை. மீதிப் பேருக்குக் குலுக்கலில் விழுந்த முறை. இரு தரப்புக்கும் உடனே வலி குறைந்தது. இருவருக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது கசக்கும். ஆனால் 'இந்த முறைக்குத் தனிச் சக்தி உண்டு' என்று சொல்லி விலை உயர்ந்த பயிற்சி வகுப்புக்கு அழைக்கும் விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, நோயாளிகளும் சிகிச்சையாளர்களும் ஒருசேரச் செய்யும் தவறு: 'சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்' என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்வது. யாரும் வலி லேசாக இருக்கும் நாளில் வருவதில்லை. தாங்க முடியாத நாளில்தான் வருகிறார்கள். ஏறியிருக்கும் வலி அடுத்த சில நாளில் இறங்குவது இயல்பு. புதிதாகப் பிடித்த இடுப்புவலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே வெகுவாகக் குறைந்துவிடும். அந்தச் சில வாரத்துக்குள் யார் கை வைத்தாரோ அவருக்குக் கைராசிக்காரர் என்ற பெயர் கிடைத்துவிடுகிறது.

இதனால்தான் ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இல்லாத ஆய்வை நம்பக் கூடாது. 2007இல் சிட்னியில் நடந்த ஆய்வில், புதிதாக இடுப்புவலி வந்த 240 பேருக்கும் குடும்ப மருத்துவர் நல்ல ஆலோசனையும் பாரசிட்டமாலும் கொடுத்தார். அதன்மேல் சிலருக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை, சிலருக்குக் கையால் சிகிச்சை, சிலருக்கு இரண்டும். மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் போலிச் சிகிச்சையும். போலிச் சிகிச்சை என்பது, ஒலி அலையால் வலிக்குச் சிகிச்சை தரும் அல்ட்ராசவுண்ட் கருவியை வேலை செய்யாத நிலையில் முதுகில் தடவுவது. குணமாக எடுத்த நாட்கள் எந்தக் குழுவிலும் குறிப்பிடும்படி குறையவில்லை. கையால் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு மெல்ல அசைத்துத் தளர்த்தும் மொபிலைசேஷன்தான் செய்யப்பட்டது, சட்டென்று தள்ளும் முறை இல்லை என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நியாயமான மறுப்புதான். ஆனாலும் ஆலோசனையும் பொறுமையுமே எவ்வளவு செய்துவிடுகின்றன என்பதை இந்த ஆய்வு எனக்குக் காட்டியது.

ஒரே ஆய்வைப் பிடித்துக்கொண்டு ஓடுவதும் அடிக்கடி நடப்பது. யாருக்கு மானிபுலேஷன் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ஐந்து அடையாளங்கள் 2002இல் அமெரிக்காவில் வெளியாயின. ஆராயப்பட்டவர்கள் 71 பேர். ஐந்தில் நான்கு அடையாளம் இருந்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு 45 சதவீதத்திலிருந்து 95ஆக உயரும் என்றார்கள். 2004இல் 131 பேரிடம் நடந்த ஆய்வும் அதை ஆதரித்தது. பாடமாகவே ஆகிவிட்டது, நானும் மனப்பாடம் செய்தேன். பிறகு மேலே சொன்ன சிட்னி நோயாளிகளின் விவரங்களை வைத்து அதே விதியைச் சோதித்தார்கள். பலிக்கவில்லை.

எண்களைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 2004இல் பிரிட்டனில் இடுப்புவலிக்காரர்கள் 1,334 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான மருத்துவத்தோடு மானிபுலேஷனும் சேர்த்துப் பெற்றவர்கள் மூன்றாம் மாத முடிவில், வலியால் அன்றாட வேலைகள் எவ்வளவு தடைபடுகின்றன என்று அளக்கும் 24 புள்ளி அளவுகோலில் சராசரியாக 1.6 புள்ளி கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஒரு வருடத்தில் அது 1 புள்ளி. 'நிரூபிக்கப்பட்டது' என்று தலைப்புப் போட இது போதும். எவ்வளவு என்று கேட்டால், கொஞ்சம்தான். அந்த அளவுகோலில் ஒருவர் தன் உடம்பில் மாற்றத்தை உணர ஏறக்குறைய 5 புள்ளி வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அதை எடுத்து இந்த 1.6க்குப் பக்கத்தில் வைத்து 'ஒன்றுக்கும் உதவாது' என்று தீர்ப்புச் சொல்வதும் தவறு. 5 என்பது ஒரு மனிதரின் முன்னேற்றம்; 1.6 என்பது இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம்.

முழுவதுமாகத் தூக்கி எறிபவர்களும் அதே அவசரத்தில்தான் இருக்கிறார்கள். 2019இல் 47 ஆய்வுகளை, 9,211 பேரை, தொகுத்துப் பார்த்ததில், நாள்பட்ட இடுப்புவலிக்கு மானிபுலேஷன் மற்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு ஏறத்தாழ இணையாகவே இருந்தது. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் அதை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் செய்யச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அதற்கு இடம் உண்டு. அதே ஆவணம் இடுப்புப் பெல்ட், டிராக்ஷன் (முதுகை இழுத்துவைப்பது), அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்கிறோமே, அதில் ஒரு வகையும் அந்த வேண்டாத பட்டியலில் இருக்கிறது. இவற்றுக்காகவே பத்து நாள், பதினைந்து நாள் வரச் சொல்கிற இடங்கள் எத்தனையோ உண்டு.

கழுத்து விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். முடிவெட்டிய பிறகு சலூனில் தலையைப் பிடித்து இரு பக்கமும் திருகிச் சொடக்கு எடுப்பதை அனுமதிக்காதீர்கள். கழுத்து எலும்புகளின் ஊடே மூளைக்கு ரத்தம் போகிறது. அந்தக் குழாயின் உள்சுவர் கிழிவது அரிது. நடந்தால் பக்கவாதம் வரலாம். இதற்கு முன் அனுபவித்தே இராத கழுத்துவலியோ தலைவலியோ, தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல் இருந்தால் யார் கையும் கழுத்தில் படக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடுப்புவலியோடு சிறுநீர் கழிப்பதில் சிக்கல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், காலில் பலம் குறைதல், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தாலும் முதலில் மருத்துவர்தான்.

தையல்கார அம்மாவிடம் இரண்டாம் முறை வேறு மாதிரி பேசினேன். "எதுவும் விலகவில்லை அம்மா. பிடித்துக்கொண்டிருந்தது, இப்போது விட்டிருக்கிறது. விட்டிருக்கும்போதே குனிந்து பழகலாம்" என்றேன். கை தருவது சில மணி நேரத்து இளக்கம். நோயாளி கட்டிலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் அந்த நேரம் வீணாகிவிடும். எந்த அசைவுக்குப் பயப்படுகிறாரோ அதை அங்கேயே, அப்போதே செய்துபார்க்க வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் கால்வாசித் தண்ணீர் நிரப்பி முன்னால் வைத்தேன். அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார், விடச் சொன்னேன். ஐந்து முறை தூக்கி வைத்தார். வாரம் இரண்டு நாள் வந்தார், வீட்டிலும் செய்தார். மூன்றாவது வாரம் பெல்ட் இல்லாமல் வந்தார். ஆறாவது வாரம் வாளி முழுதாக நிறைந்திருந்தது. அதைத் தூக்கி இறக்கிவிட்டு, பேரன் 14 கிலோ, இந்த வாளி 15 கிலோவாவது இருக்கும் என்று அவரே கணக்குச் சொன்னார்.