மறதிக்கு மாத்திரை வாங்கும் முன் பி12 பாருங்கள்

அம்மாவுக்கு 68 வயதில் மறதி கூடியது. அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுவார், சொன்னதையே திரும்பச் சொல்வார். வயசாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பினார். மற்றது வழியில் கழன்று விழுந்தது காலுக்கே தெரியவில்லை. அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை செய்தோம். வைட்டமின் பி12 அளவு ஒரு மில்லிக்கு 130 பிகோகிராம்தான், இருக்க வேண்டியதைவிடக் குறைவு.

பி12 குறைந்தால் நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறை பழுதாகும். மூளையிலும் தண்டுவடத்திலும் செய்தி போய்வருவது தடுமாறும். மறதி, சோர்வு, எரிச்சல், பாதத்தில் மதமதப்பு எல்லாம் இதனால் வரலாம். காலத்தோடு கண்டுபிடித்தால் சரிசெய்யலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: சாப்பாட்டுக் கணக்கு

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2 முதல் 2.5 மைக்ரோகிராம் வேண்டும். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம், ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் இருக்கும். மீன், ஈரல், இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கவலை இல்லை. கீரை, பருப்பு, காய்கறியில் பி12 கிடையாது. ஸ்பைருலினாவில் இருப்பது நம் உடலுக்குப் பயன்படாத வகை. பழைய சோற்றை நம்பியும் இருக்க முடியாது. சைவக்காரர்கள் ஒரு வாரம் பால், தயிர் அளவை எழுதிப் பாருங்கள். இரண்டு வேளை காபியில் சேரும் பால் ஒரு டம்ளர்கூட வராது.

படி 2: மாத்திரைப் பெட்டியைத் திறங்கள்

சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின் பல வருடமாகப் போகிறதா? வயிற்று எரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் தினமும் போடுகிறார்களா? இரண்டுமே பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும். வயதானால் வயிற்று அமிலமும் குறைகிறது, உணவில் உள்ள பி12 சரியாகப் பிரிந்து வராது. கல்லீரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருப்பதால் குறை மெதுவாகத்தான் வெளியே தெரியும். அம்மா சுத்த சைவம், பத்து வருடமாக மெட்பார்மின். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

படி 3: முதலில் பரிசோதனை, பிறகு மாத்திரை

வரிசை மாறக் கூடாது. மாத்திரையைத் தொடங்கிவிட்டால் அளவு ஏறிவிடும், முன்பு குறை இருந்ததா என்று தெரியாமல் போய்விடும். பொதுவாக ஒரு மில்லி ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறை. 200 முதல் 300 வரை சந்தேகமான எல்லை. அப்போது, பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளுக்கான பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மறதிக்குத் தைராய்டு குறையும் காரணமாகலாம் என்பதால் டிஎஸ்எச் அளவையும் அன்றே பார்த்துவிடுவது நல்லது.

நடை தள்ளாடினாலோ, மனக்குழப்பம் இருந்தாலோ கடையில் மாத்திரை தேடாதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள். ஊசியில்தான் தொடங்குவார்கள். நரம்பு ரொம்ப நாள் பழுதாகிக் கிடந்தால் முழுதும் திரும்பாது.

படி 4: அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்

‘நரம்புச் சத்து மாத்திரை’ என்று கேட்டு வாங்குவதில்தான் எனக்குப் பெரிய பயம். மெத்தில்கோபாலமின் (பி12-இன் ஒரு வகை) என்று பெரிதாக எழுதியிருக்கும், கூடவே ப்ரீகாபலின் இருக்கும். அது நரம்பு வலிக்கான மருந்து. தூக்கம், தலைசுற்றலைத் தரும், பெரியவர்களின் மூளையை இன்னும் மந்தமாக்கும். சிலவற்றில் பி6 அதிகம் இருக்கும். அதிக பி6 மாதக்கணக்கில் போனால் அதுவே பாதத்தை மரக்கச் செய்யும். ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், உள்ளே நரம்பு பழுதாகிக்கொண்டே இருக்கும்.

தனி பி12 போதும். மெத்தில்கோபாலமின், சயனோகோபாலமின் இரண்டுமே வேலை செய்யும். 1000 மைக்ரோகிராம் மாத்திரை அதிகம்போலத் தோன்றும். ஆனால் குடல் சரியாக உறிஞ்சாதவர்களுக்கு அதில் 1 சதவீதம்தான் உள்ளே போகும், அதற்காகவே அந்த அளவு. எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அளவு சரியாக இருப்பவருக்குக் கூடுதல் பி12 ஞாபக சக்தியைக் கூட்டாது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை வாங்கித் தராதீர்கள்.

படி 5: மூன்று மாதம் கழித்து

மறுபடி பரிசோதியுங்கள். மெட்பார்மினைத் தானாக நிறுத்த வேண்டாம், பி12 சேர்த்துக்கொண்டே தொடரலாம். அம்மாவுக்கு முதலில் சோர்வு போனது, பிறகு பேச்சில் தெளிவு வந்தது. பாதத்தில் உணர்வு திரும்ப எட்டு மாதம் ஆனது. கட்டை விரல் பக்கம் இன்னும் கொஞ்சம் மதமதப்பு இருக்கிறது.